கல் வண்டி வாசலில் நிற்கும்போதே பார்த்துவிடுங்கள்: பேவர் பிளாக் வாங்குகிறவர்களுக்கு

அலங்காநல்லூர் பக்கம் என் சித்தி வீட்டு முன்வாசலுக்குப் பேவர் பிளாக் (தரையில் பதிக்கும் கான்கிரீட் கல்) போட்டபோது, நான் கட்டட வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. 600 சதுர அடி. சிவப்பும் சாம்பலும் கலந்த ஜிக்ஜாக் கல். காலை எட்டு மணிக்கு வண்டி வந்தது, ஒன்பதுக்குக் கல் பதிக்கிறவர்கள் வந்தார்கள், மறுநாள் சாயங்காலம் சித்தி புதுத் தளத்தில் பெரிதாக ஒரு கோலம் போட்டார். ஐப்பசி மழை இரண்டு முறை பெய்ததும் சிவப்புக் கல்லின் மேல்தோல் அப்பளம் மாதிரி எழும்பி உரிய ஆரம்பித்தது.

கல் செய்து கொடுத்த யூனிட்டுக்குப் போன் போட்டேன். "தம்பி, கல்லுல குறை இருந்தா பதிக்கிறதுக்கு முன்னாடில்ல சொல்லிருக்கணும்? பதிச்ச பிறகு வந்து சொன்னா நாங்க என்ன பண்றது?" என்றார் அந்த அண்ணாச்சி. எனக்குச் சரியான கோபம். ஆனால் ஆறப்போட்டு யோசித்தால் அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. தோல் உரியும் கல்லைச் செய்தது அவர் தவறு. ஒரு கல்லைக்கூட உடைத்துப் பார்க்காமல் 600 சதுர அடியும் பதித்தது என் தவறு.

மதுரையைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் ரோட்டோரம் கல் யூனிட் ஒன்றாவது கண்ணில் படும். விலை சதுர அடிக் கணக்கு. கேட்டால் எல்லோருமே "நம்பர் ஒன் குவாலிட்டி" என்றுதான் சொல்வார்கள். முதல்முறை வாங்குகிறவர் எங்கே பார்ப்பது, எதை வைத்துப் பேசுவது என்று எனக்குத் தெரிந்த வரைக்கும் சொல்கிறேன்.

கல் எப்படிச் செய்கிறார்கள்

இது தெரிந்தால்தான் குறை எங்கிருந்து வருகிறது என்பது பிடிபடும். நம் பக்கம் இரண்டு வகை கிடைக்கிறது.

ஒன்று ரப்பர் மோல்டு கல். ரப்பர் அல்லது பிளாஸ்டிக் அச்சில் முதலில் கலர் கலவையை ஊற்றுவார்கள். அதற்கு மேல் சிப்ஸ் ஜல்லி போட்ட சாதாரணக் கலவையை நிரப்பி, அதிரும் மேசையில் வைத்து இறுக்குவார்கள். மறுநாள் அச்சைக் கவிழ்த்துத் தட்டினால் அடியில் இருந்த கலர்ப் பக்கம் மேலே வரும். அச்சு வழுவழுப்பாக இருந்தால் கல்லும் பளபளவென்று இருக்கும்.

இன்னொன்று மெஷின் கல். ஏறக்குறைய ஈரமே இல்லாத கலவையை அதிர்வும் அழுத்தமும் கொடுத்து மெஷின் அடித்துத் தள்ளும். மேல்பரப்பு சொரசொரப்பாக, பளபளப்பில்லாமல் இருக்கும். பார்க்கச் சுமார்தான். வண்டி ஏறும் இடத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். பளபளப்புக் கல் மழை நாளில் வழுக்கும் என்பது வயதானவர்கள் இருக்கும் வீட்டில் சின்ன விஷயம் இல்லை.

எந்த வகையானாலும் கல்லின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்த பிறகு குறைந்தது ஒரு வாரமாவது ஈரம் காயாமல் வைத்திருக்க வேண்டும். தொட்டியில் முக்கி வைக்கலாம், அடுக்கி ஈரச் சாக்குப் போட்டு மூடலாம். சித்திரை வெயிலில் காலையில் ஒரு தடவை ஹோஸ் பைப்பில் தெளித்துவிட்டு "கியூரிங் பண்ணியாச்சு" என்பது நம் ஊர் வழக்கம். பத்து மணிக்குள் அந்தக் கல் காய்ந்து சுட்டுக்கொண்டிருக்கும். சிமெண்ட் முழுப் பலம் எடுக்கத் தண்ணீர் இல்லாமல் பாதியில் நின்றுவிடும். பின்னால் பொடி உதிர்வதற்கும் முனை உடைவதற்கும் பெரும்பாலும் காரணம் இதுதான்.

ஆர்டர் கொடுக்கும் முன்

யூனிட்டுக்கு நேரில் போங்கள். போனில் விலை பேசி முடித்துவிடாதீர்கள். ஆபீஸ் அறையில் அழகாக அடுக்கிய மாதிரிக் கற்களைப் பார்த்து மயங்காமல், நேரே கொட்டகைக்குப் பின்னால் நடந்து கல் காயப்போட்டிருக்கும் இடத்தைப் பாருங்கள். தரை ஈரமாக இருக்கிறதா, சாக்கு நனைந்திருக்கிறதா, அடுக்குகளில் தேதி எழுதியிருக்கிறார்களா? தேதி எழுதும் பழக்கம் உள்ள யூனிட் என்றால் எனக்குப் பாதி நம்பிக்கை வந்துவிடும்.

பேவர் பிளாக்குக்கு ஐ.எஸ். 15658 என்று இந்தியத் தர நிர்ணயம் ஒன்று இருக்கிறது. 2006-இல் வந்தது, 2021-இல் திருத்தினார்கள். வீட்டு வேலைக்கு அதில் மூன்று விஷயம் தெரிந்தால் போதும். வண்டியே ஏறாத நடைபாதைக்கு 50 மி.மீ. தடிமனில் எம் 30 கல். பைக், கார் ஏறும் வாசலுக்கு 60 மி.மீ. தடிமனில் எம் 35. அதற்கு மேல் லோடு வண்டி உள்ளே வரும் என்றால் 80 மி.மீ., எம் 40. எம் 30 என்றால் 28 நாள் ஆன கல் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு 30 நியூட்டன் அழுத்தம் தாங்க வேண்டும் என்று பொருள். "ரெண்டரை இஞ்ச் கல்லு, ஸ்ட்ராங்கா இருக்கும்" என்று வாயால் சொல்வதை அப்படியே விடாமல், பில்லில் தடிமன், கிரேடு இரண்டையும் எழுதி வாங்குங்கள். தயங்கினால் ஏன் என்று கேளுங்கள். அந்தத் தயக்கமே ஒரு பதில்தான்.

ஆர்டர் கொடுக்கும் அன்றே அவர்கள் அடுக்கிலிருந்து நீங்களாக மூன்று கல் எடுத்து, பின்பக்கம் மார்க்கர் பேனாவால் தேதி போட்டு, யூனிட்காரரிடம் கையெழுத்தும் வாங்கி வீட்டுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். "எதுக்கு சார் இதெல்லாம்" என்று சிரிப்பார்கள். சிரித்தால் சிரிக்கட்டும். மாதிரி காட்டி விற்ற பொருள் மாதிரிக்கு ஒத்துப்போக வேண்டும் என்பது 1930-ஆம் ஆண்டு சரக்கு விற்பனைச் சட்டத்திலேயே இருக்கிறது. நாளைக்கு நிறம் மாறி வந்தாலோ தடிமன் குறைந்து வந்தாலோ பக்கத்தில் வைத்துக் காட்ட இந்த மூன்று கல்தான் உங்கள் சாட்சி.

தேவைக்கு மேல் நூற்றுக்கு ஐந்து கல் கூடுதலாக வாங்குங்கள். ஓரம் வெட்டுவதற்கும் பின்னால் மாற்றுவதற்கும் ஆகும். அடுத்த வருடம் போய் அதே நிறத்தில் கேட்டால் கிடைக்காது.

வண்டி வந்த அன்று

கல் பதிக்கும் ஆட்களை அதே நாளில் வரச் சொல்லாதீர்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள். ஆள் வந்து நின்றுவிட்டால் கூலி ஓடும், மேஸ்திரி முகம் சுளிப்பார், நீங்களும் "சரி, பாத்துக்கலாம்" என்று சொல்லிவிடுவீர்கள். கல் இறங்கும் நாளுக்கும் பதிக்கும் நாளுக்கும் இடையில் குறைந்தது மூன்று நாள் விடுங்கள்.

டிரைவர் நீட்டும் டெலிவரி சீட்டில் சும்மா கையெழுத்துப் போடாமல், "எண்ணிக்கை மட்டும் பார்த்தது, தரம் பார்க்கவில்லை" என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். அதைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

குட்டியானையில் வந்தாலும் டிப்பரில் வந்தாலும் கல்லைக் கொட்டவிடாதீர்கள், கையால் இறக்கி அடுக்கச் சொல்லுங்கள். கொட்டினால் உடைந்தது கொட்டியதாலா செய்ததாலா என்று யாராலும் சொல்ல முடியாது. கையால் இறக்கியும் மூளியாக இருக்கும் கல்லின் உடைந்த இடத்தை உற்றுப் பாருங்கள். புதிதாக உடைந்த இடம் சுத்தமாக, பளிச்சென்று இருக்கும். யூனிட்டிலேயே உடைந்தது என்றால் அந்த இடத்தில் தூசியோ, கியூரிங் தண்ணீர் காய்ந்த வெள்ளைப் படலமோ இருக்கும். நூற்றுக்கு இரண்டு, மூன்று மூளிக் கல் வருவது சகஜம், நான் பேசுவதில்லை. பத்தைத் தொட்டால் வண்டியை நிறுத்திவிடுவேன்.

அடுக்கின் மேலே இருப்பதை மட்டும் எடுக்காமல், நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் சேர்த்து ஒரு இருபது கல் எடுத்துக்கொள்ளுங்கள். நல்லதை மேலே வைக்கும் கலை தக்காளிக்கூடையோடு நிற்பதில்லை.

முதலில் அளவு. ஒரு ஸ்டீல் ஸ்கேல் போதும், வெர்னியர் இருந்தால் இன்னும் நல்லது. நீள அகலத்தில் 2 மி.மீ., தடிமனில் 3 மி.மீ. வரை கூடக் குறைய இருக்கலாம் என்று ஐ.எஸ். விடுகிறது. சமதளத்தில் பத்துக் கல்லை நெருக்கி வைத்து மேலே மட்டப்பலகையை வைத்தால் எது பள்ளம், எது மேடு என்று ஒரு பார்வையில் தெரியும். ரப்பர் மோல்டு கல்லில் அச்சைக் கையால் நிரப்புவதால் தடிமன் வித்தியாசம் அடிக்கடி வரும். அச்சு பழசாகி வயிறு தள்ளினால் கல்லும் நடுவில் புடைத்து வரும், அடுத்த கல்லோடு ஒட்டி உட்காராது.

அடுத்தது எடை. 200-க்கு 100 மி.மீ. அளவில் 60 மி.மீ. தடிமன் உள்ள செங்கல் வடிவக் கல் ஒன்று சுமார் 2.7 கிலோ இருக்க வேண்டும். இரண்டரைக்குக் கீழே போனால் உள்ளே இறுக்கம் போதவில்லை. மளிகைக் கடைத் தராசு போதும்.

சத்தம். கையில் ஒரு கல்லைத் தூக்கிப் பிடித்துச் சின்னச் சுத்தியலால் தட்டுங்கள். 'டங்' என்றால் நல்லது. 'டொக்' என்று அடங்கின சத்தம் வந்தால் உள்ளே விரிசலோ, மேல்தோலுக்கும் அடிக்கல்லுக்கும் நடுவே இடைவெளியோ இருக்கலாம்.

கீறல். இரண்டு இஞ்ச் ஆணியால் மேல்பரப்பில் அழுத்திக் கீறுங்கள். வெறும் கோடு விழுந்தால் போகட்டும். ஆணி பள்ளம் பறித்து மாவு மாதிரிப் பொடி கொட்டினால் அது குறை. ஈரமான வெள்ளைத் துணியால் கலர்க் கல்லைத் தேய்த்துப் பாருங்கள், துணியில் சிவப்பு நன்றாக ஏறினால் சாயம் சிமெண்டோடு கலக்காமல் மேலேயே நிற்கிறது.

கடைசியாக உடையுங்கள். மனசு வராது, ஆனால் மூன்று கல்லையாவது உடைத்தே ஆக வேண்டும். கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி, கலர்த்தோலும் சாம்பல் கல்லும் சேரும் கோட்டில் உளி வைத்து ஒரு அடி. நல்ல கல் கோட்டை மதிக்காமல் தாறுமாறாக உடையும். கெட்ட கல் அந்தக் கோட்டோடு பலகை மாதிரி இரண்டாகப் பிளக்கும். அன்று சித்தி வீட்டில் இந்த ஒரு அடி அடித்திருந்தால் எல்லாம் தெரிந்திருக்கும். உடைந்த முகத்தில் கலர்த்தோலின் தடிமனையும் அளந்துவிடுங்கள், 6 மி.மீ.க்குக் குறையக் கூடாது. அடிக்கல்லில் ஜல்லிக்கு ஜல்லி நடுவே தேன்கூடு மாதிரி ஓட்டைகள் இருந்தால் இறுக்கம் இல்லை. நடு மையம் கறுத்து ஈரமாக இருந்தால் அது பச்சைக் கல், அச்சிலிருந்து எடுத்து நாலைந்து நாள்கூட ஆகியிருக்காது. பச்சைக் கல் குறையுள்ள கல் என்று அர்த்தமில்லை. வீட்டிலேயே அடுக்கி, நனைத்து, சாக்குப் போட்டு மூடி வைத்தால் தேறிவிடும். பதிக்கும் நாளைத் தள்ளிப் போடுங்கள், அவ்வளவுதான்.

தண்ணீர் குடிக்கிற கல்

மூன்று நாள் இடைவெளி கேட்டது இதற்காகத்தான். நல்ல பேவர் பிளாக் அதன் எடையில் சராசரி 6 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் உறிஞ்சக் கூடாது, தனிக் கல் எதுவும் 7-ஐத் தாண்டக் கூடாது. ஆய்வகத்தில் ஒரு நாள் ஊறவைத்து எடை போட்டு, பிறகு 105 டிகிரி சூட்டில் அடுப்பில் உலர்த்தி மறுபடி எடை போடுவார்கள். நம்மிடம் அடுப்பு இல்லை, மொட்டை மாடி இருக்கிறது.

மூன்று கல்லை இரண்டு நாள் மாடி வெயிலில் காயவையுங்கள். எடை போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். வாளித் தண்ணீரில் 24 மணி நேரம் முழுகப் போடுங்கள். எடுத்து, மேலே நிற்கும் தண்ணீரை மட்டும் துணியால் ஒற்றிவிட்டு மறுபடி எடை. காய்ந்த கல் 2,700 கிராம், ஊறிய கல் 2,850 கிராம் என்றால் குடித்தது 150 கிராம், அதாவது ஐந்தரைச் சதவீதம். தேறிவிட்டது. 2,950 என்று வந்தால் ஒன்பதைத் தாண்டிவிட்டது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று. வெயிலில் எவ்வளவு காய்ந்தாலும் உள்ளே கொஞ்சம் ஈரம் மிச்சம் இருக்கும். அதனால் வீட்டுக் கணக்கில் வரும் சதவீதம் உண்மையைவிடக் குறைவாகத்தான் வரும். வீட்டிலேயே ஒன்பது காட்டினால் ஆய்வகத்தில் அதற்கு மேல்தான் காட்டும், தைரியமாகச் சண்டைக்குப் போகலாம். வீட்டில் ஐந்தரை வந்தால் 'பரவாயில்லை' என்று மட்டும் சொல்லலாமே தவிர, சத்தியம் பண்ண முடியாது.

எது குறை, எது குறையில்லை

எல்லாவற்றையும் குறை என்று போய் நின்றால் உண்மையான குறையைச் சொல்லும்போதும் யாரும் கேட்க மாட்டார்கள். இதை நான் இரண்டு யூனிட்காரர்களிடம் கெட்ட பேர் வாங்கிக் கற்றுக்கொண்டேன்.

தோல் பிரிவது சந்தேகமே இல்லாத உற்பத்திக் குறை. பெரும்பாலும் நேரக் கணக்கு தப்பியதால் வருவது. கலர்க் கலவையை அச்சுகளில் ஊற்றிவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போய்விடுவார்கள். வருவதற்குள் அது இறுக ஆரம்பித்திருக்கும். அதன் மேல் அடிக்கலவையைப் போட்டால் இரண்டும் அண்ணன் தம்பி சண்டை மாதிரி ஒரே வீட்டில் தனித்தனியாக இருக்கும். வாங்கும்போது ஒட்டித்தான் இருக்கும். ஒரு மழை, ஒரு வெயில், மேலே ஒரு கார். அப்புறம் உரியும்.

பொடி உதிர்வதும் குறைதான். எம் சாண்டுக்குப் பதில் நுண்தூள் நிறைந்த கிரஷர் டஸ்டைக் கலப்பது, சிமெண்டைக் குறைப்பது, அச்சில் லேசாக ஓடட்டும் என்று தண்ணீரைக் கூட்டுவது, கியூரிங்கை விடுவது என்று காரணம் நாலு இருக்கிறது. அநேகமாக நாலும் சேர்ந்தே இருக்கும்.

வெள்ளை பூப்பதுதான் மிக அதிகமாகத் தவறாகப் புரிந்துகொள்ளப்படுகிறது. பதித்த சில வாரத்தில் கல் மேல் வெள்ளையாகப் படர்ந்து, "கோலம் போட்டதா, உப்புப் பூத்ததான்னே தெரியலடா" என்று சித்தி சொன்ன நிலைமை வரும். சிமெண்டில் இருக்கும் சுண்ணாம்பு தண்ணீரோடு மேலே வந்து, காற்றில் இருக்கும் கரியமில வாயுவோடு சேர்ந்து வெள்ளைப் படலமாகிறது. இதில் கல்லின் பலம் குறைவதில்லை. மழையிலும் நடமாட்டத்திலும் நாளாவட்டத்தில் தானே போய்விடும்.

ஆனால் எல்லா வெள்ளையும் அது இல்லை. உப்புத் தண்ணீரில் கலவை போட்டாலும் பூக்கும். பிரித்துப் பார்க்க எலுமிச்சம்பழம் போதும். வெள்ளையை மட்டும் ஒரு தட்டில் சுரண்டி எடுத்து எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்துப் பொங்கினால் சுண்ணாம்பு, விட்டுவிடலாம். நுரைக்காமல், வெறும் தண்ணீரிலேயே கரைந்தால் உப்பு. அந்த உப்பு கல்லிலிருந்து வருகிறதா தரையிலிருந்து வருகிறதா என்பது அடுத்த கேள்வி. மிச்சம் இருக்கும் கல்லை மாடியில் வைத்து, நல்ல தண்ணீரில் நனைத்தும் காயவைத்தும் பாருங்கள். அதிலும் பூத்தால் கல் யூனிட்டின் போர்த் தண்ணீரைச் சந்தேகப்படலாம். மாடிக் கல் சுத்தமாக இருந்து வாசல் கல் மட்டும் பூத்தால் உங்கள் மண்ணில் உப்பு, யூனிட்காரரைத் திட்டிப் பயனில்லை.

தயவுசெய்து வெள்ளையைப் போக்குகிறேன் என்று கழிவறை ஆசிடை ஊற்றாதீர்கள். பளிச்சென்று ஆகும், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வெள்ளையோடு சேர்த்து மேல்தோல் சிமெண்டையும் தின்றுவிடும், அப்புறம் உள்ளே இருக்கும் மணல் தெரிய ஆரம்பிக்கும். காய்ந்த நிலையில் கெட்டி பிரஷ்ஷால் தேய்த்துப் பெருக்கி எடுங்கள். போகாத இடத்தில் வினிகரில் தண்ணீர் கலந்து, முதலில் ஒரே ஒரு கல்லில் பார்த்துவிட்டு மற்றதில் போடுங்கள், உடனே நிறைய தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள்.

நிறம் லேசாக மாறுவது சகஜம். ஒவ்வொரு நாள் கலவைக்கும் மணல் வேறு, ஈரம் வேறு. பதிக்கும்போது மூன்று, நாலு அடுக்குகளிலிருந்து மாற்றி மாற்றி எடுத்துப் பதித்தால் திட்டுத் திட்டாகத் தெரியாது. ஆனால் கையில் இருக்கும் மாதிரிக் கல் சிவப்பு, வந்தது ரோஸ் என்றால் பேச வேண்டியதுதான். இரும்பு ஆக்சைடு சாயம் வெயிலுக்கு நிற்கும். மலிவான சாயம் ஒரு சித்திரையைத் தாண்டாது.

மேல்பரப்பில் முடி மாதிரி மெல்லிய விரிசல்கள் வலைபோல் ஓடினால், அது தோல் சீக்கிரம் காய்ந்ததால் வந்தது. பார்க்க அசிங்கம், பெரும்பாலும் ஆபத்தில்லை. தண்ணீர் தெளித்துக் காயவிட்டால் பரப்பு வெளுத்த பிறகும் விரிசல் மட்டும் கறுப்புக் கோடாக நிற்கும், அப்போது எண்ணிக்கொள்ளலாம். கல்லின் ஒரு விளிம்பிலிருந்து இன்னொரு விளிம்புக்கு ஓடும் விரிசல் இருந்தால் அந்தக் கல் வேண்டாம். குண்டூசி ஓட்டைகள் காற்றுக்குமிழி, அங்கங்கே இருந்தால் இருக்கட்டும். பழுப்புத் துருப்புள்ளிகள் ஜல்லியில் கலந்த இரும்புத் துணுக்கு, பலத்துக்குக் கேடில்லை என்றாலும் வெளிர் நிறக் கல்லில் கண்ணை உறுத்தும்.

குறை என்று உறுதியானால்

ஒரு கல்கூடப் பதிக்காதீர்கள். "நல்லதைப் பொறுக்கிப் பதிக்க ஆரம்பிங்க, மிச்சத்தை மாத்தித் தர்றோம்" என்பார்கள். ஆரம்பித்தால் முடிந்தது. பொருளை வாங்கிப் பார்க்க நியாயமான அவகாசம் வாங்குகிறவருக்கு உண்டு. ஆனால் அந்த அவகாசம் தாண்டியும் வேண்டாம் என்று சொல்லாமல் வைத்திருந்தாலோ, தன் பொருளாகவே எடுத்துப் பயன்படுத்தினாலோ ஏற்றுக்கொண்டதாகத்தான் சரக்கு விற்பனைச் சட்டம் கொள்கிறது. கல்லைப் பதிப்பதைவிடப் பெரிய பயன்பாடு என்ன இருக்கிறது? அதே சட்டத்தில் இன்னொரு வசதியும் உண்டு: வேண்டாம் என்று தெரிவித்தால் போதும், வேறு பேச்சு இல்லாத பட்சத்தில் கல்லை உங்கள் செலவில் ஏற்றி அனுப்ப வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை.

குறையுள்ள கல்லைத் தனியே அடுக்கி, ஸ்டீல் ஸ்கேல் பக்கத்தில் இருக்கிற மாதிரி போட்டோ எடுங்கள். உளி வைத்துப் பிளப்பதையும் தராசு காட்டும் எடையையும் வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுங்கள். பிறகு போனில் கத்தாமல் வாட்ஸ்அப்பில் எழுதுங்கள். பில் எண், வந்த தேதி, எத்தனை கல் பார்த்தீர்கள், எத்தனையில் என்ன குறை, உங்களுக்கு என்ன வேண்டும் (மாற்றிக் கொடுப்பதா, பணமா), எந்தத் தேதிக்குள். இவ்வளவுதான், திட்டு வேண்டாம். பதில் இல்லை என்றால் அதையே காகிதத்தில் எழுதி, சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள்.

என் அனுபவத்தில் பாதிக்கு மேல் இங்கேயே தீர்ந்துவிடும். யூனிட்காரரும் இதே ஊரில் வியாபாரம் பண்ண வேண்டியவர்தான். நேரில் வரச்சொல்லி, அவர் கையாலேயே நாலு கல் உடைக்கச் சொல்லுங்கள். "அண்ணே, நீங்களே எடுங்க, நீங்களே உடைங்க" என்று சுத்தியலைக் கையில் கொடுத்தால் பேச்சு குறைந்துவிடும்.

அப்படியும் ஒத்துக்கொள்ளவில்லை என்றால் ஆய்வகம். திருப்பரங்குன்றம் தியாகராஜர் பொறியியல் கல்லூரி மாதிரி சிவில் துறை உள்ள கல்லூரிகளில் கட்டணம் கட்டினால் பலமும் நீர் உறிஞ்சுதலும் சோதித்துத் தருவார்கள். எத்தனை கல் கொண்டுவர வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். கல்லைத் தேர்ந்தெடுக்கும்போது யூனிட்காரரையும் கூப்பிடுங்கள். இரண்டு பேரும் சேர்ந்து எடுத்த கல்லின் அறிக்கையை அப்புறம் "அது எங்க கல்லே இல்ல" என்று தள்ள முடியாது.

பதித்த பிறகு தெரிந்தால்

முதலில் அது கல்லின் குறையா, பதித்த குறையா என்று பாருங்கள். கல் முழுசாக இருந்து தளம் மட்டும் சக்கரத் தடத்தில் அமுங்கியிருந்தால் அடி மண் இறுகவில்லை. ஓரக் கற்கள் விலகிப் போனால், ஓரத்தைப் பிடித்து நிறுத்தும் கெர்ப் கல் கட்டவில்லை அல்லது அது ஆடுகிறது. கல்லுக்குக் கல் உரசி முனை மட்டும் தெறித்திருந்தால் நடுவில் இரண்டு மூன்று மில்லி இடைவெளி விட்டு மணல் நிரப்பாமல் நெருக்கிப் பதித்திருக்கிறார்கள். இதற்கெல்லாம் மேஸ்திரியைக் கேட்க வேண்டும், யூனிட்டை இல்லை. தோல் உரிவது, பொடிவது, ஒரே தேதிக் கல் மட்டும் அங்கங்கே உடைவது எல்லாம் கல்லின் குறை.

கல்லை மாற்றுவது சுலபம். இடைவெளி மணலைப் பழைய ஹேக்ஸா பிளேடால் சுரண்டி எடுங்கள். இரண்டு பக்கமும் தட்டையான ஸ்க்ரூடிரைவர் கொடுத்து நெம்பினால் கல் மேலே வரும். வராத முதல் கல்லை உடைத்தே எடுங்கள், அடுத்தது தானாக வரும். அடி மணலைச் சமப்படுத்தி, புதுக் கல் நூலளவு மேலே நிற்கிற மாதிரி வைத்து, மேலே பலகை போட்டு ரப்பர் சுத்தியலால் தட்டி இறக்குங்கள். காய்ந்த சன்ன மணலைப் பெருக்கி இடைவெளியில் நிரப்புங்கள். ஆனால் நம் ஊரில் சிலர் "அசையாம இருக்கும்" என்று இடைவெளியில் சிமெண்ட் பாலை ஊற்றிவிடுகிறார்கள். அங்கே ஒரு கல்லை எடுக்க நாலு கல் உடையும். பதிக்கும் அன்று பக்கத்திலேயே நின்று அதைத் தடுத்துவிடுங்கள்.

யூனிட் கையை விரித்துவிட்டால் நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறை தெரிந்த இரண்டு வருடத்துக்குள் புகார் கொடுக்க வேண்டும். யூனிட் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்ட ஆணையத்திலேயே கொடுக்கலாம். கல்லுக்குக் கொடுத்த பணம் 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. சொந்த வீட்டுக்கு வாங்கியிருக்க வேண்டும், வாங்கி விற்கிறவர்களுக்கு இது ஆகாது. பதித்தபோது கண்ணுக்குத் தெரியாமல் பின்னால் வெளிவந்த குறை என்பதை நீங்கள் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கும். தேவைப்பட்டால் ஆணையமே கல்லை ஆய்வகத்துக்கு அனுப்பும். அதற்கு முன் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிப் பாருங்கள், சில யூனிட்டுகள் அந்த ஒரு அழைப்புக்கே இறங்கி வந்துவிடும். இதற்கெல்லாம் ஆதாரம் பில்தான். "பில் வேணாம்னா விலை குறையும்" என்று சொல்லும்போது, குறைவது விலை மட்டும் இல்லை என்று ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சித்தி வீட்டுக்கு என்னிடம் பில் இல்லை. உரிந்த சிவப்புக் கல்லை மட்டும் எண்ணினோம், இருநூறுக்கு மேல் இருந்தது. என் செலவில் மெஷின் கல் வாங்கி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை நானே உட்கார்ந்து ஒவ்வொன்றாக மாற்றினேன். எடுத்த கல்லைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுக் கொட்டகைக்குப் போட்டிருக்கிறோம். அடிப்பக்கம் நன்றாகவே இருக்கிறது, மாடு வழுக்குவதும் இல்லை.